முப்பத்தைந்து வெள்ளிச் சேறு

மரியாதையின் விலை முப்பத்தைந்து வெள்ளி. சக்கரத்துக்கு மேல் இருக்கும் வளைவுக்குள்ளும் பூச வேண்டுமென்றால் இன்னும் ஐந்து வெள்ளி. ஜெலுத்தோங்கில் கார் கழுவும் கடை வைத்திருக்கும் சலேஹா அக்கா தலையைக்கூடத் தூக்காமல் சொன்ன விலை அது.

"கழுவறதுக்கே இருபத்தஞ்சுதானே வாங்குறீங்க அக்கா? சேத்தை எடுக்கறதைவிட போடறது லேசான வேலைலா" என்றான் குணாளன்.

"கழுவினா தண்ணியோட போயிடும். பூசினா உன் பேரோட நிக்கும். அதுக்குத்தான் பத்து வெள்ளி கூட."

பேரத்தில் முதலில் சிரித்தவன் தோற்றான். குணாளன் சிரித்தான்.

"எந்தச் சேறு வேணும்?" என்று அக்கா கேட்டாள். "செம்மண்ணா, கெப்பாலா பத்தாஸ் வயல் மண்ணா? வயல் மண்ணு காஞ்சா வெளுத்துப் போயிடும். செம்மண்ணுதான் படத்துல நல்லா விழும்."

செம்மண்ணே இருக்கட்டும் என்றான். உலகத்திலேயே காசு கொடுத்துச் சேறு பூசிக்கொண்ட முதல் மனிதன் தானாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு அவன் காது மடலைச் சுட்டது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அக்காவிடம் சத்தியம் கேட்டான். இங்கே வருகிற கார்களின் சீட்டுக்கடியில் என்னென்ன கிடைத்திருக்கிறது தெரியுமா, எவன் பெயரையாவது இந்த வாய் சொல்லியிருக்கிறதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதுவே போதுமான சத்தியமாக இருந்தது.

குணாளன் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் சரக்கறை மேற்பார்வையாளன். பத்தொன்பது வருடமாக அதே வாசல் வழியாக உள்ளே போகிறான். காவலாளி பத்தொன்பது வருடமாக அடையாள அட்டையைக் கேட்கிறார். போன வருடம், பின்னால் சாமான் ஏற்றும் தட்டு வைத்த ஒரு பெரிய ஃபோர் வீல் வண்டியை ஒன்பது வருடத் தவணையில் வாங்கினான். மலை, ஆறு, காடு எதிலும் போகும் என்று விற்றவர் சொன்னார். பொய்யில்லை. ஜார்ஜ் டவுனில் அது போகாத இடம் ஒன்றுதான், அது பார்க்கிங். பேரங்காடியின் கீழ்த்தளத்தில் கூரையை இடித்தது. குறுகிய சந்தில் நுழைந்தால் ஐந்து மோட்டார் சைக்கிள்கள் பின்வாங்க வேண்டியிருந்தது. அவன் மனைவி பிரமிளா ஏறுவதற்கு ஒரு நீல பிளாஸ்டிக் முக்காலி போட வேண்டும். அவள் ஏறியபின் முக்காலியை எடுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதற்குள் பின்னால் நிற்பவன் ஹார்ன் அடித்து ஓய்ந்துவிடுவான்.

இவ்வளவு பெரிய காடி எதற்கு என்று தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கடையில் யாரோ கேட்டபோது, வாய் சும்மா இருக்காமல், வார இறுதியில் காட்டுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டான்.

"காட்டுக்கா? காடி பொண்ணு பார்க்கப் போற மாப்பிள்ளை மாதிரி மினுக்குதே" என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் சொல்ல, மேசையே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் அவனைச் சலேஹா அக்காவிடம் கொண்டுவந்து நிறுத்தியது.

திங்கட்கிழமை காவலாளி அட்டை கேட்கவில்லை. தடுப்புக் கம்பி தானாக எழுந்தது. "நேரா காட்டுலேருந்தா வர்றீங்க அண்ணே?" என்றார். பத்தொன்பது வருடத்தில் அந்த வாசலில் அவனை யாரும் அண்ணே என்றதில்லை. மதியம் யாரோ காப்பிக்குக் காசு கொடுத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் பிற்பகலில் அவன் ஜெலுத்தோங்குக்குப் போகத் தொடங்கினான்.

ஐந்தாவது வாரம் பெட்ரோல் நிலையத்தில் ஜெயராஜ் அவனைப் பிடித்தார். ஜெயராஜ் காப்புறுதி முகவர். அதோடு, 'காட்டு ராஜாக்கள்' என்ற ஃபோர் வீல் கிளப்புக்குத் தலைவர். குணாளனின் கதவிலிருந்த சேற்றைச் சுரண்டி விரலிடையில் தேய்த்து, கண்ணை மூடி, "உள்காட்டு மண்ணு" என்றார். கிளப்பில் பதினொரு வண்டி இருந்தது. குணாளன் பன்னிரண்டாவது. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடுவதற்குள் அவன் கைப்பேசியில் பதினொரு பேர் கைகூப்பி வரவேற்றிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு நாசி கண்டார் சோற்றுக் கடை வாசலில் பதினொரு வண்டிகளும் நின்றன. ஒவ்வொன்றும் கூரை வரை சேறு. கசாப்புக் கடைக்குள் தானாக நடந்து வந்த ஆடு மாதிரி உட்கார்ந்தான். வாயைத் திறக்கவே கூடாது என்று முடிவு செய்தான். அது பெரிய அனுபவசாலியின் மௌனமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆற்றைக் கடந்திருக்கிறீர்களா என்று கடைசியில் கேட்டே விட்டார்கள்.

"தண்ணி கதவு வரைக்கும் வந்துச்சு" என்றான். அது உண்மை. அடுக்குமாடி வீட்டின் கீழே வெள்ளம் வந்த அன்று அவன் ஏழாவது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த பயணத்தில் குணாதான் முன்னால் போகிறார் என்று ஜெயராஜ் அறிவித்தார்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு குணாளன் முதுகுவலி என்று எழுதினான். அவனை விட்டுவிட்டுப் போவார்கள் என்று எதிர்பார்த்தான். தலைவர் பயணத்தையே தள்ளிவைத்தார். இரண்டே நிமிடத்தில் எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். அடுத்த மாதம் கியரில் சத்தம் என்றான். பாதுகாப்புதான் முக்கியம் என்று பதினொரு பேரும் எழுதினார்கள். இப்படிப்பட்ட தங்கமான மனிதர்களை ஏமாற்றுகிறோமே என்று அவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மூன்றாவது மாதம் வேறு வழி தெரியாமல், பாகான் டாலாமில் இருக்கும் பிரமிளாவின் சின்னம்மாவைச் சாகடித்தான்.

மறுநாள் சாயங்காலம் மலர் வளையம் வீட்டுக்கே வந்துவிட்டது.

பிரமிளா அதைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். "யாருக்கு இது?"

"சின்னம்மாவுக்கு."

"எந்தச் சின்னம்மா?"

"பாகான் டாலாம்."

"காலையிலதான் அவங்ககிட்ட பேசினேன். முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தாங்க."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான், முப்பத்தைந்து வெள்ளி உட்பட. அவள் மலர் வளையத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "சின்னக் கஞ்சில் காடி ஓட்டின காலத்துல நாம யாரையும் கொன்னதில்லலா" என்றாள்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டால்தான் ஆச்சு என்று அவள் பிடித்த பிடியில், பாலத்தைத் தாண்டி பாகான் டாலாமுக்குப் போனார்கள். சின்னம்மாவுக்குத் தன் சாவில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. பூ நன்றாக இருக்கிறது என்று மலர் வளையத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு வாசலுக்கு வந்து, சேறு பூசிய வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பார்வை குணாளனுக்குப் பிடிக்கவில்லை.

கூலிம் ஊருக்கு அப்பால் அவள் பிறந்த தோட்டத்தில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. புதுச் சிலை செய்து வந்து இரண்டு மாதமாகப் பட்டர்வொர்த்தில் சாக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடி, தோட்டத்துப் பாதையில் இரண்டு மைல் சேறு. எந்த லாரிக்காரனும் வர மாட்டேன் என்கிறான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஒன்பதுலேருந்து பத்தரைக்குள்ள நல்ல நேரம். நீ ஏத்திக் கொண்டுபோயிடு. என்னைக் கொன்னதுக்குக் கணக்குத் தீர்ந்துடும்" என்றாள்.

குணாளன் மூளையைக் கசக்கினான். சாமி காரியத்துக்கு ஒரு வண்டி பத்தாது என்றான். முன்னால் பாதையை அமுக்க, பின்னால் கயிறு போட்டு இழுக்க, குறைந்தது பன்னிரண்டு ஃபோர் வீல் வேண்டும். பன்னிரண்டுக்கு எங்கே போவது என்று கையை விரித்தான். சொல்லி முடித்தபோது அவனுக்கே நிம்மதியாக இருந்தது.

சின்னம்மா மலர் வளையத்தைத் திருப்பினாள். காப்புறுதி முகவர் எதிலும் தன் நம்பரைப் போடாமல் விடமாட்டார். அனுதாப அட்டையின் கீழே ஜெயராஜின் கைப்பேசி எண் தடித்த எழுத்தில் இருந்தது.

செத்துப்போனவர் அழைத்து உதவி கேட்கும்போது இல்லையென்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? பத்து நிமிடத்தில் ஜெயராஜ் குணாளனை அழைத்தார். "பிழைச்சிட்டாங்களாமே குணா. சந்தோஷம்" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. "பன்னெண்டு காடியும் வருது. சாமி உங்க காடியிலதான். நீங்கதான் முன்னால."

அந்த வாரம் ஒருநாள் விடாமல் மழை பெய்தது.

குணாளன் வண்டியோடு வந்த கையேட்டை முதன்முறையாகப் பிரித்தான். அதில் சொன்னபடி நான்கு சக்கரமும் இழுப்பதற்கான திருகியைத் திருப்பினான். மஞ்சள் விளக்கு ஒன்று கண்ணடித்தது. வண்டியின் வயிற்றுக்குள் யாரோ உறுமினார்கள். அணைத்துவிட்டு இறங்கியவன் அதன் பிறகு அந்தத் திருகியின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

காரணங்கள் தீர்ந்துவிட்டன. முதுகு வலித்தால் சின்னம்மா எண்ணெயோடு வந்துவிடுவாள். சாகடிக்க இனி ஆளில்லை. நல்ல நேரத்தைத் தள்ளிவைக்க எந்தத் தலைவராலும் முடியாது. அதைவிட, இதுவரை ஏமாந்தவர்கள் மனிதர்கள். ஞாயிற்றுக்கிழமை பின் தட்டில் உட்காரப்போவது முனியாண்டி, கையில் அரிவாளோடு. தோட்டத்தைவிட்டுப் பிரிந்துபோன முந்நூறு பேர் ஈப்போவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பஸ் எடுத்து வருகிறார்கள். அத்தனை பேர் கண்ணெதிரே சாமியைக் கொண்டுபோய்ச் சேற்றில் இறக்கினால், முந்நூறு கைப்பேசியும் மேலே எழும்.

இரண்டு முறை ஜெயராஜை அழைத்து, மணி அடிப்பதற்குள் துண்டித்தான். வெள்ளிக்கிழமை ஜெயராஜே அழைத்து, கை பட்டுவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிரமிளா இந்த முறை கேலி பேசவில்லை. "உண்மையைச் சொல்லிடுங்க. உங்களை யாரு என்ன பண்ணப்போறாங்க?"

"யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அதான் பயமா இருக்கு" என்றான் குணாளன். "திங்கக்கிழமை வாசல்ல மறுபடியும் அட்டையைக் கேப்பான்."

ஞாயிற்றுக்கிழமை தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை பிற்பகல் அவன் ஜெலுத்தோங்குக்குப் போனான். கடையில் ஒரு வண்டியும் இல்லை. சலேஹா அக்கா கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியவள் மாதிரி தெரிந்தாள்.

"இன்னிக்குச் சேறு பூச வரல அக்கா" என்றான்.

"தெரியுது" என்றாள்.

குணாளன் எதையும் மறைக்கவில்லை. காட்டைத் தூரத்திலிருந்து மட்டும் பார்த்தவன் என்பதை, நாசி கண்டார் கடையில் அளந்ததை, சின்னம்மாவை, சாக்குக்குள் காத்திருக்கும் சாமியை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினான். மற்ற பதினொரு பேரும் காட்டிலேயே பிறந்த புலிகள், அவர்கள் முன்னால் நான் எப்படி நிற்பேன் என்று கேட்டான். உங்களிடம் எத்தனையோ பேர் வருகிறார்கள், நிஜமாகவே சேற்றில் ஓட்டத் தெரிந்த ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள், நாளைக்கு என் இடத்தில் உட்கார வையுங்கள், கேட்கிற காசைக் கொடுக்கிறேன், பேரமே பேச மாட்டேன் என்றான்.

சலேஹா அக்கா விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள். ஒரு கை தீர்ந்து, மறு கை தீர்ந்து, மறுபடி முதல் கைக்கு வந்து இரண்டு விரலில் நின்றாள்.

"பேரு ஒண்ணும் சொல்ல மாட்டேன் தம்பி, வாக்குக் கொடுத்திருக்கேன். காலையிலேருந்து இதையே கேட்டு அழுதுட்டுப் போனவங்க பதினோரு பேரு, உன்னோட பன்னெண்டு. நாளைக்குச் சாமியோட போறதும் பன்னெண்டு காடிதானே? அப்ப கணக்கு சரியாப் போச்சு."