எண்ணூருக்கு வந்த சிவப்புப் புள்ளி

எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தருவதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமையன்று அது எனக்குப் புரிந்தது.

அப்போது முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தூசியால் வரும் நுரையீரல் நோயைப் பற்றி எந்தெந்த ஊரில், எந்தெந்த ஆண்டில் ஆராய்ச்சி நடந்தது என்று உலக வரைபடத்தில் காட்டுவது என் வேலை. ஓர் ஆய்வுக்கு ஒரு புள்ளி. ஆண்டுகள் ஓட ஓடப் புள்ளிகள் பரவும். (நிறம் சிவப்பு. எடுப்பாக இருக்குமே என்று நானே தேர்ந்தெடுத்தேன். அறிவாளி!)

காலடிப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை அருள், தன் அம்மாவோடு எங்கள் ராயபுரம் வீட்டுக்கு வந்திருந்தார். எண்ணூர் பக்கம் துறைமுகத்தில் வேலை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை.

"எம்பொண்ணு உலகத்தையே படமா போட்டுகீறா, பாருங்க" என்று லேப்டாப்பை டிவியில் இணைக்கச் சொன்னார்.

"தூசி நோய் ஆராய்ச்சி எப்படிப் பரவிச்சுன்னு..." என்று சொல்ல வேண்டியவள், வெட்கத்தில் 'ஆராய்ச்சி'யை விழுங்கிவிட்டுப் படத்தை ஓடவிட்டேன்.

ஐரோப்பாவில் ஒரு புள்ளி. பிறகு ஜப்பான், சீனா. அருளின் அம்மா மிக்சர் தட்டைக் கீழே வைத்தார்.

"பம்பாய் வந்துட்ச்சு" என்றார் மெல்ல.

அடுத்த நொடி, எண்ணூர் மேல் ஒரு புள்ளி பொட்டென்று உட்கார்ந்தது.

"ஐயோ மாதாவே! எம்புள்ள அங்கதானே வேலை செஞ்சிகினு கீறான்!"

"ஆன்ட்டி, இதெல்லாம் நோயாளிங்க இல்ல. நோயப் பத்தி எழுதுனவங்க."

"எழுதுனவங்களுக்கும் வந்துட்ச்சா?"

அந்த நேரம் பார்த்து அருளுக்கு மிக்சர் புரையேறியது. இருமினார், இருமிக்கொண்டே இருந்தார். அவர் அம்மா முதுகில் நாலு குத்து குத்தி, ஆட்டோ பிடித்து, நேராக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா டிவியை அணைத்தார். நல்ல மாப்பிள்ளையை ஒரு பொத்தானைத் தட்டியே விரட்டிவிட்டேனே என்று சமையலறையில் நின்று அழுதேன். (அழுதுகொண்டே கேசரி முழுவதையும் தின்றேன்.)

சாயந்திரம் அருள் போன் செய்தார்.

"நெஞ்சுல ஒண்ணியும் இல்லன்ட்டாரு டாக்டரு. வேர்க்கடலதான் மாட்டிகினு இருந்துச்சாம். அம்மா ஒண்ணு கேக்க சொல்லிச்சு. அந்த மேப்பு நம்ம கல்யாணத் தேதியையும் காட்டுமா?"

இப்போதும் உறவில் யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும் மாமியார் என்னை அழைத்துப் போகிறார். ஆனால் வாசலிலேயே என் கைப்பையைத் துழாவிப் பார்த்துவிட்டு, காதோரம் ஒரு வார்த்தை சொல்வார்:

"உள்ள பெரிய டிவி கீது. கம்முனு உக்காந்துட்டு வா."