ரெஃப்ரெஷ் அக்காவும் மழை நாள் இன்சுலினும்

கடலூர் மாவட்டத்தில் 'நேற்று' என்ற சொல்லுக்குப் பரம எதிரி ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ரெஃப்ரெஷ் அக்காதான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். எந்த மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று தேடிச் சொல்லும் ஆப் நடத்தினோம். தேடல் முழுக்க அக்காவின் பொறுப்பு. பழைய தகவல் என்றாலே அவருக்கு ஆகாது. கீழே டீக்கடைப் பலகையில் 'சூடான வடை' என்று எழுதியிருக்கும். ஒரு நாள் வடையைத் தொட்டுப் பார்த்தவர், ஈரத்துணியால் 'சூடான' என்பதை அழித்துவிட்டார்.

"இன்னாம்மா இது?" என்று கடைக்காரர் பதறினார்.

"அடுத்த ஈடு எடுத்ததும் கூப்புடுங்க. நானே வந்து எழுதறேன்."

எழுதவும் செய்தார்.

ஒரு வருஷம் பெய்த பெருமழையில் பல கடைகள் மூடிக்கிடந்தன. திறந்திருந்த கடைகளிலும் சரக்கு தீர்ந்துகொண்டிருந்தது. கடைகளிலிருந்து மாற்றங்கள் வந்து குவிந்தன. ஆனால் எங்கள் இன்டெக்ஸ், அதாவது மருந்துக்கும் கடைக்குமான அடைவு, புதிதாகத் தயாராகப் பாதி நாள் பிடிக்கும். அதுவரை ஆப் பழையதைத்தான் காட்டும்.

மங்கலம்பேட்டையிலிருந்து ஒருவர் போன் செய்தார். "பொண்ணுக்கு இன்சுலின் வேணும். ஒங்க ஆப்ப நம்பி முட்டித் தண்ணில நடந்து போனேன். கடை பூட்டிக் கெடக்குது."

அக்கா நேரே மானேஜரிடம் போய், இன்டெக்ஸை உடனே திருத்த வேண்டும் என்றார்.

"அப்டேட் ஓடறப்ப கைய வெச்சா மொத்தமும் படுத்துடும்மா. வேணும்னா தேடலையே நிறுத்திடு."

"நிறுத்தவும் மாட்டேன், பொய் சொல்லவும் மாட்டேன் சார்."

"வேல போயிடும்."

"போவட்டும். கொஞ்சம் எழுந்திரிங்க, ஒங்க பிளக்குலதான் கரண்டு வருது."

மானேஜர் எழுந்தார். அக்கா அவர் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். புதிதாக வரும் மாற்றங்களுக்கு மட்டும் ஒரு குட்டி இன்டெக்ஸ் போட்டார். தேடுகிறவர்களுக்கு ஆப் இரண்டிலும் பார்த்துச் சொல்ல வேண்டும். முரண்பட்டால் குட்டி சொல்வதே செல்லும். புதிய பெரிய இன்டெக்ஸ் தயாரானதும் பழையதன் இடத்துக்கு வந்துவிடும். தேடல் ஒரு நொடியும் நிற்கவில்லை. பூட்டிய கடை மறைந்து, விருத்தாசலத்தில் திறந்திருந்த ஒரு கடை மேலே வந்தது.

சாயங்காலம் அதே குரல்: "கெடச்சிடுச்சும்மா. ஊசி போட்டாச்சு."

மானேஜர் தொண்டையைக் கனைத்தார். "நான் சொல்லித்தான் செஞ்சதா ரிப்போர்ட்ல போட்டுடு."

"பழைய தகவலையே நான் போட மாட்டேன் சார். இது தப்பான தகவல்."

வேலை போகவில்லை. பிறகு அக்காவே வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரம் போய்விட்டார். அவ்வப்போது ரயிலேறிப் போய்ப் பார்ப்பேன். கதவைத் திறந்ததும், "இன்னாடா தம்பி, இப்டி எளச்சிட்ட?" என்று உள்ளே இழுத்துப் போய்ச் சோறு போடுவார்.

நான் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அக்கா வாயிலிருந்து வரும் தவறான தகவல் அது ஒன்றுதான். அதை நான் திருத்தியதே இல்லை.