ஸ்ரீவராகத்தில் காபி குடிக்கப் போன வீடு

'தெரியாது' என்று சொல்ல என் குடும்பத்தில் யாருக்கும் வாய் வராது. யாராவது வழி கேட்டால் சொல்லிவிடுவோம். தப்பான வழியாக இருந்தாலும் மனதாரச் சொல்வோம். (திருநெல்வேலி ஜங்ஷனில் என் அப்பாவிடம் வழி கேட்டவர்களில் சிலர் இன்னும் நடந்துகொண்டிருக்கக்கூடும்.) இந்தக் குடும்ப குணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கல்யாணத்தையே காவு வாங்கப் பார்த்தது.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. நான் அறிந்த திருவனந்தபுரம் என்பது கழக்கூட்டத்தில் என் அறை, எதிரே இருந்த பரோட்டாக் கடை, அலுவலக பஸ் நிற்கும் இடம், இவ்வளவுதான். ஆனால் என்னோடு கல்லூரியில் படித்து, சென்னையில் வேலையிலிருந்த நித்யாவிடம், ஊர் முழுக்க எனக்கு அத்துப்படி என்று அளந்து வைத்திருந்தேன். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதை அவள் நாகர்கோவிலில் தன் அப்பாவிடம் சொன்னபோது, அவர் கோபப்படவில்லை. ஜாதகமும் கேட்கவில்லை. "ஊர் தெரிஞ்ச பையன்னு சொல்லுகேல்லா, சுத்திக் காட்டட்டும். ஒரு நாள் கூட நடந்து பாக்கேன்" என்றாராம்.

அவர் பெயர் தாணுமாலயன். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். நித்யா போனில் எச்சரித்தாள். "அப்பா அதிகம் பேச மாட்டாங்க. தெரியாததைத் தெரியும்னு சொன்னா மட்டும் அவங்களுக்கு ஆகாது. அன்னைக்கு ஒரு நாளாவது வாயை அடக்கு."

நான் அடக்கவில்லை. இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான், வழிகாட்டி இல்லாமல் தனியே நடந்து பார்க்க ஒரு பாதை போட்டு வைத்திருந்தார். கட்டடங்கள், கடைவீதி, நடுநடுவே காபி குடிக்க இடங்கள். அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் நெட்டுருப் போட்டேன்.

காலை ரயிலில் வந்தவரைத் தம்பானூரில் வரவேற்றேன். நெற்றியில் விபூதி, வெள்ளை வேட்டி, கையில் குடை. ஆஸ்பத்திரிக்கும் ஏர்போர்ட்டுக்கும் இந்த ஊருக்குப் பல தடவை வந்திருப்பதாகவும், கட்டடம் பார்க்க வந்ததில்லை என்றும் தன்னைப் பற்றி உண்மையைச் சொன்னார். நான் என்னைப் பற்றிச் சொல்லவில்லை.

முதல் இடம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வட்டமான செங்கல் காபிக் கடை. உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது, ஓரமாக மேஜைகளும் கூடவே ஏறுகின்றன. சுவரில் விட்டிருந்த சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வெயிலும் காற்றும் வந்தன. அவர் காபியை மறந்து சுவரைத் தடவிப் பார்த்தார். "கொள்ளாம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை என்று நித்யா சொல்லியிருந்தாள். அந்தச் சொல் எனக்குக் கிடைக்குமா என்பதுதான் அன்றைய கேள்வி.

அங்கிருந்து எம்.ஜி. ரோடு வழியாக நடந்தோம். தலைமைச் செயலகத்தின் வெள்ளைத் தூண்களைத் தாண்டி, கோயிலும் மசூதியும் சர்ச்சும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் பாளையத்தைத் தாண்டி, மியூசியத்துக்கு வந்தோம். பல நிறச் செங்கல் வரிகளும் கூரான கூரைகளுமாக நிற்கும் அந்தக் கட்டடத்தை முதல் தடவையாகப் பார்த்து நானே வாய் பிளந்தேன். பிளந்த வாய் சும்மா இருக்குமா? "ராஜா வெயில் காலத்தில் தங்குவதற்காகக் கட்டிய அரண்மனை சார்" என்று அடித்துவிட்டேன்.

அவர் வாசலில் இருந்த பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். மியூசியத்துக்கென்றே கட்டியது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். உள்ளே போய், மின்விசிறி இல்லாமலே அவ்வளவு குளுமையாக இருப்பது எப்படி என்று கால் மணி நேரம் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கிழக்கே கோட்டை என்ற பழைய நகரப் பகுதி. அரண்மனை மாளிகையின் கூரைக்கடியில் வரிசையாகப் பாய்ந்து நிற்கும் மரக்குதிரைகளைப் பார்த்தோம். பக்கத்துக் கோயில் குளத்துக்கு எதிரே ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது தாடிக்காரர் முகம் ஒன்று வாயைத் திறக்கும், இரண்டு பக்கமிருந்தும் ஆட்டுக்கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். மூன்று மணிக்கு அது நடந்தபோது தாணுமாலயன் சார் வாய்விட்டுச் சிரித்தார். இவ்வளவு அழகான ஊரில் எட்டு மாதமாகப் பரோட்டாக் கடையைத் தாண்டாமல் இருந்திருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசி இடம் ஸ்ரீவராகம். அங்கே பழைய அக்ரகார வீடு ஒன்றைக் காபிக் கடையாக்கியிருக்கிறார்கள், பெயர்ப் பலகை கிடையாது, அங்கேயுள்ள குளத்திலிருந்து ஏழாவது வீடு, கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம் என்று புண்ணியவான் எழுதியிருந்தார். என் போன் அதற்குள் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. தெருவில் எல்லா வீடுகளும் சுவரோடு சுவர் ஒட்டி ஒரே அச்சில் நின்றன. யாரையாவது கேட்கலாமா என்றார் அவர். "வேண்டாம் சார், நான் அடிக்கடி வருகிற இடம்தான்" என்றேன். எண்ணினேன். (குளத்தின் எந்தக் கரையிலிருந்து எண்ண வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.)

ஏழாவது வீட்டில் கதவு திறந்திருந்தது. வாசலில் பெரிய கோலம், உள்ளே வரிசையாக நாற்காலிகள், காபி மணம். வேட்டி கட்டிய ஒருவர் வெளியே வந்தார்.

"வாங்கோ, வாங்கோ. வழி கண்டுபிடிக்க சிரமப்பட்டேளா?"

கடை என்றால் இப்படியல்லவா உபசரிக்க வேண்டும் என்று பூரித்துப் போனேன். வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. முற்றத்தில் விழுந்த வெளிச்சம், வழவழத்த மரத்தூண்கள், சமையலறைக்குள்ளேயே கிணறு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆணியே அடிக்காத உத்தர இணைப்பைப் பார்த்து தாணுமாலயன் சாருக்குப் பேச்சு வரவில்லை. வந்திருந்தால் அவருடைய நாஞ்சில் தமிழ் முதல் வாக்கியத்திலேயே எங்களைக் காட்டிக் கொடுத்திருக்கும். நானோ ஆபீஸ் தமிழ் பேசி எந்த ஊர்க்காரன், எந்த ஜாதி என்று யாருக்கும் பிடிகொடுக்காதவன்.

உட்கார்ந்தவுடன் கேட்காமலே சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. "இங்கே மெனு கிடையாது சார், அன்றன்றைக்கு என்ன செய்கிறார்களோ அதுதான்" என்று விளக்கினேன். எனக்குக் காபியில் சர்க்கரை குறைவாக என்று உள்ளே பார்த்துச் சொல்லியும் வைத்தேன். வீட்டுக்காரர் என் வேலை, படிப்பு, அம்மாவின் உடல்நிலை எல்லாம் அக்கறையாக விசாரித்தார். நான் எட்டாவது பஜ்ஜியில் இருந்தபோது, பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் தலை நிறையப் பூவோடு காபித் தட்டை ஏந்தி வந்தாள். தட்டை வைத்துவிட்டுத் தாணுமாலயன் சாருக்கு நமஸ்காரம் செய்தாள். அவர் பதறி எழுந்தார். நான் அவர் காதோரம், "சர்வீஸ் எப்படி சார்?" என்றேன்.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. பழத்தட்டோடு நான்கு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த பெரியவர், தாங்கள் பாலக்காட்டிலிருந்து வருவதாகவும் வண்டி லேட் என்றும் மன்னிப்புக் கேட்டார். பின்னால் ஒரு பையன் தலைவாரி, பவுடர் பூசி நின்றான்.

வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ நீங்க யாரு?" என்றார்.

என் வாயில் பஜ்ஜி. கூடத்தில் அத்தனை கண்களும் என்மேல். அந்தப் பெண் காபித் தட்டை மறுபடி கையில் எடுத்தபடி நின்றாள். பக்கத்தில் தாணுமாலயன் சார். இப்போதும் ஏதாவது ஒரு கதை சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் கதை எதுவும் வரவில்லை.

"எனக்கு இந்த ஊர் தெரியாது சார். இந்தத் தெருவுக்கு இன்னைக்குத்தான் மொதல் தடவை வர்றேன். காபிக் கடைன்னு நினைச்சு உள்ள வந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

வீட்டுக்காரரின் முகம் சிவந்திருந்தது. பெண்ணை யாரோ ஒரு வழிப்போக்கன் பார்த்துவிட்டான், அதுவும் மாப்பிள்ளை வீட்டார் கண் முன்னால். தாணுமாலயன் சார் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கூப்பினார்.

"ஐயா, பொறுக்கணும். நாங்க நாகர்கோயில். எனக்கு ஒரே மக. இவரு அவளைக் கெட்டப்போற மாப்பிளயாக்கும். உங்க பொண்ணைப் பாக்கணும்னு வரல்ல."

கெட்டப்போற மாப்பிள்ளை. அந்த பஜ்ஜியை நான் எப்படி விழுங்கினேன் என்று நினைவில்லை. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்கியதில் விக்கல் வந்துவிட்டது. முதலில் சிரித்தவள் அந்தப் பெண்தான். அவளைப் பார்த்துப் பாலக்காட்டுப் பையன் சிரித்தான். பிறகு கூடமே சிரித்தது. வேறு ஊராக இருந்தால் எங்களைப் போலீசில் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்காரர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, "காபி ஆறிண்டிருக்கு, குடிச்சுட்டுத்தான் போகணும், கேட்டேளா" என்று உட்கார வைத்தார். உள்ளே இரண்டாவது ஈடு பஜ்ஜிக்கு எண்ணெய் வைத்தார்கள். பாலக்காட்டுச் சம்பந்தம் அன்றைக்கே நிச்சயமானது.

திரும்பும்போது தம்பானூர் நடைமேடையில் அவரிடம், அவ்வளவு கோமாளித்தனம் செய்த என்னை எப்படி மாப்பிள்ளை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"காலம்பறேருந்து நீங்க சொன்னதுல 'ஊர் தெரியாது'ன்னது ஒண்ணுதான் நெசம். நாலு பேரு முன்னால சொன்னீங்கல்லா, அது போரும்" என்றார்.

எங்கள் கல்யாணத்துக்கு ஸ்ரீவராகத்துக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். பந்தியில் என் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னை இப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டார்: "பையன் மொதல்ல எங்காத்துக்குத்தான் பொண்ணு பாக்க வந்தான்." எல்லாரும் சிரித்தார்கள், அத்தையைத் தவிர. எங்களுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அத்தை என்னைத் தனியே அழைத்து, அந்தத் திருவனந்தபுரத்துப் பெண்ணிடம் அப்படி என்ன குறை கண்டாய் என்று கேட்கிறாள்.