கை படாத தொலைநோக்கி

சவரம் முடித்து, கன்னத்தில் மூன்று இடங்களில் பஞ்சை ஒட்டிக்கொண்டு, அன்று காலை கொசு ஒரு சபதம் செய்தார். இனிமேல் தொலைநோக்கியைக் கையால் தொடுவதில்லை.

கொசு என்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம். இருபத்திரண்டு வருஷமாக ஊசி குத்துகிறார். குத்தியதே தெரியாது, கொசு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று நோயாளிகள் சொல்லிச் சொல்லி, சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் மிச்சம். குழந்தைகள்கூட அவரிடம் அழாமல் கையை நீட்டும். அப்படிப்பட்ட மனிதரின் வலது கை மூன்று மாதமாக ஆடுகிறது.

பெரிய ஆட்டமில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் தானாகத் துடிக்கும். மணிக்கட்டை நாற்காலியின் கைப்பிடியில் அழுத்தி ஊன்றிக்கொண்டு ஒரு மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் ஒரு அம்மாளுக்கு இரண்டு தடவை நரம்பு தப்பிவிட்டது. "என்னங்க, கொசு தேளாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று கொசுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் சமாளிப்பது அதைவிடப் பெரும்பாடு. காரணம், இந்த ஆட்டம் அவர் மனைவிக்கு நன்றாகப் பழக்கம். கொசுவின் அப்பாவுக்கும் இதே இரண்டு விரல்களில்தான் ஆரம்பித்தது. ஒன்பது வருஷம் மாமனாருக்கு அவள்தான் ஊட்டினாள், துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள். அவர் காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பிய அன்று சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, ஒன்றே ஒன்று சொன்னாள்: "இன்னொரு தடவை என்னால முடியாதுங்க."

அதனால் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் திட்ட மாட்டாள், அழ மாட்டாள். பேசாமல் ஸ்பூனைக் கையில் எடுத்துவிடுவாள். கொசுவுக்குப் பயமெல்லாம் அந்த ஸ்பூனிடம்தான்.

டீ தளும்பினால், "ரொம்ப சுடுது." சட்டைப் பொத்தான் போட வராவிட்டால், "காத்தாட இருக்கட்டும்." எல்லாவற்றுக்கும் ஒரு பதில் கைவசம் இருந்தது. தொலைநோக்கிக்குத்தான் இல்லை. நிலாவைத் தெளிவாக்கும் அந்தச் சின்னத் திருகை அவர் தொட்டால் போதும், வானமே கிடுகிடுவென்று ஆடும். ஞாயிற்றுக்கிழமை அவள் ஏதோ ஆசையில் மாடிக்கு வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, நிலாவுக்குக் குளிர் ஜுரமா?"

"காத்து அடிக்குதும்மா."

"கொடியில துணி அசையலையே?"

"அது மேல்காத்து."

இந்த மேல்காற்றுக்குப் பிறகுதான் சபதம். திருகை மோட்டார் சுற்றட்டும். அவர் தள்ளி நின்று பட்டனைத் தட்டுவார். கை படாது, படம் ஆடாது.

செத்துப்போன பழைய பிரிண்டரின் வயிற்றைக் கிழித்து மோட்டாரையும் பல் வைத்த பெல்ட்டையும் உருவினார். கட்டைவிரல் அளவு மின்னணுப் பலகை ஒன்று, பட்டன் இரண்டு. கண் வைக்கும் குழாய் உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. எல்லாவற்றையும் போட்டு மூட ஒரு பெட்டி வேண்டுமே?

"ஏங்க, சோப்பு டப்பாவைக் காணோம்."

"ஆராய்ச்சியில இருக்கு."

"சோப்பு?"

"அது தரையில இருக்கு."

பொடிப்பொடியான ஈய இணைப்புகளைப் போட அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் எதிரிக்கும் கண்ணீர் வரும். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு பற்ற வைத்தார். மேஜை நான்கு இடங்களில் கருகியது. சட்டையில் ஒரு பொத்தான் உருகியது. மூன்றாம் வாரம் மோட்டார் ஓடியது. ஓடியது என்றால், நிற்காமல் ஓடியது. ஒரு தட்டு தட்டினால் ஆறு தட்டுக்கு நகர்ந்து, நிலா இருந்த இடமே தெரியாமல் வெள்ளைக் கஞ்சியானது.

பலகையைத் தூக்கிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். "உங்க பட்டன் துள்ளுதுங்க!"

கடைக்காரர் பலகையைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டித் தட்டினார். திரையில் ஒன்று என்று விழுந்தது.

"நீங்க தட்டுங்க சார்."

கொசு தட்டினார். ஏழு.

கடைக்காரர் பட்டனைப் பார்த்தார். கொசுவின் கையைப் பார்த்தார். நல்ல மனுஷன், மறுபடி பட்டனையே முறைத்தார். "மலிவு சரக்கு சார், அப்படித்தான் இருக்கும். ஒரு தட்டு விழுந்ததும் அடுத்த ஒரு நொடிக்கு வர்றதையெல்லாம் கண்டுக்காதேன்னு புரோகிராம்ல எழுதி விட்டுடுங்க. வேணும்னா ஒரு மெமரி கார்டைச் சொருகி, எல்லாத் தட்டையும் பதிய விடுங்க. அந்த ஒரு நொடியைக் கூட்டிக் குறைக்க உதவும்."

பதிவு என்றால் பரிசோதனை நிலையத்து ஆளுக்குக் கசக்குமா? அப்படியே செய்தார். அன்று சாயங்காலம் ஒரு தட்டு, ஒரு நகர்வு. பிறை நிலா பிசிறில்லாமல் நின்றது. கொசு மாடியில் தனியாகவே கைதட்டினார். அப்புறம் வாய் சும்மா இருக்காமல் அவளைக் கூப்பிட்டார்.

"இது என்னங்க, நகம் மாதிரி?"

"மெமரி கார்டு. பட்டனை யார் எப்பத் தட்டினாலும் எழுதிக்கும். தேதி, மணி, நொடி, நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும்."

"கண்டுக்காம விட்ட தட்டு?"

"அதையும் எழுதும். மோட்டார்தான் கண்டுக்காது."

"பொய் எழுதாதா?"

"மெஷினுக்கு எங்கம்மா பொய் சொல்லத் தெரியும்?"

அவர் மனைவிக்கு ஒரு தொழிற்சாலையில் வருகைப் பதிவைச் சரிபார்க்கும் வேலை. காலையிலிருந்து மாலை வரை மணி, நிமிடம், நொடி வரிசைகளைப் படிப்பாள். ஒரே நொடியில் மூன்று அட்டை விழுந்திருந்தால், எவன் மற்ற இரண்டு பேருக்கும் சேர்த்து அடித்தான் என்று ஆளைக் காட்டிவிடுவாள். இது கொசுவுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் பெருமை பொங்கும் நேரத்தில் யாருக்கு எது ஞாபகம் வருகிறது?

"நானும் ஒரு தடவை தட்டிப் பாக்கட்டா?" என்றாள். தட்டினாள். அழகாக, ஒரே ஒரு தட்டு.

மறுநாளிலிருந்து ஒரு அதிசயம் நடந்தது. இருபது வருஷமாகத் தொலைநோக்கியை மாடியில் கிடக்கும் ஒட்டடைக் குச்சியாக மதித்தவள், விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவருக்கு முன்னால் மாடியில் நின்றாள்.

"தட்டுங்க."

தட்டினார்.

"இன்னும் கொஞ்சம் உள்ளே."

தட்டினார்.

"இல்ல, வெளியே. ஆங்... எவ்வளவு அழகா இருக்கு! இன்னொரு தடவை."

கொசு உருகிப்போனார். ஒரு நாள் மேகம் நிலாவை மூடிவிட்டது. "பரவாயில்ல, அந்த செல்போன் கோபுரத்து விளக்கைக் காட்டுங்க" என்றாள். சிவப்பு விளக்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று சந்தேகம் வரவேண்டாமா? வரவில்லை. வயசான காலத்தில் மனைவிக்குத் தன்மேல் பிரியம் திரும்பிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். அவர் குனிந்து பார்க்கலாம் என்று வந்தால், "பனி இறங்குது, மூடி வைங்க, பசிக்குது" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். அதுவும் வலது கையைப் பிடித்து. பிடித்த கை படிக்கட்டு முடியும்வரை விடாது.

பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள் காலை, "எனக்கு ரெண்டு நாளா தலை சுத்துதுங்க. நரம்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன், துணைக்கு வாங்க" என்றாள். கொசு பதறிப்போய் லீவு சொன்னார்.

காத்திருக்கும் இடத்தில் அவளுக்கு விசிறி விட்டார், தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். உள்ளேயிருந்து நர்ஸ் வந்து கூப்பிட்ட பெயர், சம்பளப் பட்டியலில் மட்டும் மிச்சமிருந்த அவருடைய பெயர்.

"சிஸ்டர், எழுதினதுல தப்பு. நோயாளி இவங்க."

"தப்பில்ல, வாங்க" என்று அவள் முன்னால் நடந்தாள்.

டாக்டர் மேஜைமேல் அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து விரித்தாள். தொழிற்சாலையின் வருகைப் பதிவுக் காகிதத்தில், மெமரி கார்டில் இருந்ததெல்லாம் அச்சாகியிருந்தது. மேஜை முடிந்து தரைவரை தொங்கியது.

"இந்தப் பக்கம் நான் பட்டனைத் தட்டினது, டாக்டர். ஒரு தட்டு, ஒரு வரி. இந்தப் பக்கம் இவர். பன்னெண்டு நாள். ஒரு தட்டுக்கு அஞ்சு, ஆறு, ஏழு வரி. எங்கெங்க அதிகமோ அங்கெல்லாம் சிவப்புல கோடு போட்டிருக்கேன்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் படித்தார். "நொடிக்கு அஞ்சு. எல்லா நாளும் அஞ்சு." கொசுவை நடக்கச் சொன்னார், விரலை மூக்கில் வைக்கச் சொன்னார், ஒரு தாளில் சுருள் கோடு வரையச் சொன்னார். கோடு கொடியில் போட்ட துணி மாதிரி நெளிந்தது.

"இன்னும் சில பரிசோதனை இருக்கு. ஆனா சந்தேகம் எனக்குப் பெருசா இல்ல. நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. உங்க அப்பாவுக்கும் இதேதான்னு டோக்கன் போடறப்பவே சொன்னாங்க. அவர் எப்ப டாக்டர்கிட்ட வந்தார்?"

கொசு வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்: "ஆட்டம் ஆரம்பிச்சு நாலு வருஷம் கழிச்சு, டாக்டர். அவரும் இவரை மாதிரியேதான். டீ சுடுதுன்னு சொல்லிட்டே இருந்தார்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ரத்தம் எடுக்கிறேன்" என்றார் கொசு.

டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து நிமிரவில்லை. "இனிமே வேற யாராவது எடுக்கட்டும்."

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம், நான்கு வார்த்தையில். கொசு தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அது யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது.

வெளியே மருந்துக்காக வரிசையில் நிற்கும்போது கேட்டார்: "இன்னொரு தடவை முடியாதுன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். ஒன்பது வருஷம் உங்களுக்கு ஊட்ட என்னால முடியாது. அதனாலதான் கையில ஸ்பூன் பிடிக்கிறப்பவே இழுத்துட்டு வந்தேன்." சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவளும் அழுவாள் என்பது கொசுவுக்கு அன்றுதான் தெரிந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல், இடது கையால் அவள் முதுகைத் தட்டினார். வேலை போனது, மறைத்தது போனது, மானம் போனது. மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. அதையாவது காப்பாற்றிக்கொள்ளலாமென்று, "எது எப்படியோ, என் மெஷின் வேலை செஞ்சுது இல்ல? பன்னெண்டு நாளும் நிலாவை எவ்வளவு தெளிவா காட்டுச்சு!" என்றார்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணாம் நாளே பெல்ட்டு அறுந்துபோச்சுங்க. மோட்டார் சும்மாதான் கத்திட்டிருந்துச்சு."