மேப் காட்டிய கேசரி வீடு

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவனுக்குப் போனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நம்புவார்கள். அதை நானும் நம்பித் தொலைத்தேன்.

என் மாமா ஹெப்பகோடியில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் ஆட்கள் வந்து மாட்டு வண்டியில் சுற்றிவிட்டு, ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுப் போவார்கள் என்பது திட்டம். ஈ காக்கை வரவில்லை. "இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். இல்லேனா மறுபடி ஷிப்டுக்குத்தான் போவணும்" என்றார்.

"மேப்ல போட்டா ஜனம் தானா வரும் மாமா. நான் பாத்துக்கறேன்." (இந்த 'நான் பாத்துக்கறேன்' என்பதை அத்தை இன்றும் என்னைப் போலவே மூக்கை உயர்த்திச் சொல்லிக் காட்டுவார்.)

தோப்பில் சிக்னல் கிடையாது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைந்து, பக்கத்துத் தெரு ராஜண்ணன் வீட்டு மதில் மேல் ஏறியபோதுதான் நாலு கோடு வந்தது. அங்கேயே நின்று 'நான் இருக்கும் இடம்' என்பதை அழுத்தி, தோப்பின் பெயரைப் போட்டேன். 'கிராமத்து வீட்டு உபசாரம்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். நிற்பது யார் மதில் என்ற யோசனையே வரவில்லை.

அடுத்த ஞாயிறு என் ஆபீஸ் டீம் பதினோரு பேரை வரச் சொன்னேன். மதியம் ஒரு மணி தாண்டியும் ஆளில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு மாமா வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. போன் பண்ணலாம் என்று அதே மதிலில் ஏறினேன்.

கீழே முற்றத்தில் என் டீம் லீட் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று ராஜண்ணன் மகளைப் பெண் பார்க்கும் நாள். மாப்பிள்ளை வீட்டார் தரகர் சொல்லி வரும் புது ஆட்கள் என்பதால், வேனில் வந்து இறங்கியவர்களைப் பன்னீர் தெளித்து உட்கார வைத்துவிட்டார்கள். பெண் பட்டுப்புடவையில் காபி கொடுத்தாள். "சொந்த வீடா, வாடகையா தம்பி?" என்று கேட்டதற்கு, கிராமத்துப் பாசம் என்று நினைத்து எங்கள் டீம் கிரீஷும் விவரமாகச் சொல்லியிருக்கிறான். "மேடம், கேசரி பார்சல் கெடைக்குமா?" என்று டீம் லீட் பெண்ணின் அம்மாவைக் கேட்ட நேரத்தில், நிஜ மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்றார்கள்.

மதிலிலிருந்து குதித்தேன். (விழுந்தேன் என்பார் அத்தை.) நடந்ததைச் சொன்னதும், "என் பொண்ணு வாழ்க்கையில மேப்பு போட்டு வெளாடறியா?" என்று ராஜண்ணன் கையை ஓங்கினார். வந்தவர்களுக்குக் கொடுக்க அடுக்களையில் ஒரு பஜ்ஜிகூட மிச்சமில்லை.

சத்தம் கேட்டு மாமா ஓடி வந்தார். "அண்ணே, தோப்புல சாப்பாடு ஆறிக் கெடக்குது. எல்லாரும் வாங்க" என்று மாப்பிள்ளை வீட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றினார். தென்னை நிழலில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து களி சாப்பிட்டோம். எங்கள் கூத்தைச் சொல்லிச் சொல்லிப் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள். சாயந்திரத்துக்குள் தட்டு மாற்றியாகிவிட்டது. கல்யாண விருந்தும் அதே தோப்பில்தான். அதற்கப்புறம் தோப்புக்கு ஜனம் வரத் தொடங்கியது; மாமா ஷிப்டுக்குப் போகவே இல்லை.

கேசரி சாப்பிட்டுக்கொண்டே டீம் லீட் போட்ட விமர்சனம் இன்னும் மேப்பில் இருக்கிறது: 'ஐந்து நட்சத்திரம். பெண் பார்ப்பதைத் தத்ரூபமாக நடித்துக் காட்டுகிறார்கள்.' அந்த டீம் கலைந்து போயிற்று. கிரீஷ் எந்த நாட்டிலோ இருக்கிறான். அந்த விமர்சனத்தை எடுத்துப் படிக்கும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மனம் ஏங்கத்தான் செய்கிறது.

போன மாதம் விவேக் நகரில் எங்கள் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாமா வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"ஒரு நிமிஷம். நீங்க ஜாதகம் பாத்து வந்தவங்களா, மேப் பாத்து வந்தவங்களா?"