டைஸ்காருவின் மூன்றாவது சுற்று

யாராலும் ஜெயிக்க முடியாத விளையாட்டுகளை மட்டுமே கண்டுபிடித்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் ஹைதராபாத்தில், ஏ.எஸ்.ராவ் நகரில் இருந்தார். மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி என்னைப் பார்க்க வருவார்.

நான் அப்போது குகட்பள்ளிப் பக்கம் ஒரு பொம்மைக் கம்பெனியில் இருந்தேன். வெளியாட்கள் கொண்டுவரும் போர்டு கேம்களை விளையாடிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று எழுதிக் கொடுப்பது என் உத்தியோகம். ஊரே சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதித்தபோது நான் தாயம் உருட்டிச் சம்பளம் வாங்கினேன்.

அவர் சட்டைப்பையில் ஏழெட்டுப் பகடைகள் எப்போதும் கிடக்கும். மாடிப்படி ஏறும்போதே கலகலவென்று கேட்கும். ரிசப்ஷன் பெண் போனில் சொல்வாள்: "சார், மீ டைஸ்காரு வச்சாரு!" உங்கள் டைஸ்காரு வந்துவிட்டார் என்று அர்த்தம். டைஸ் என்றால் பகடை; 'காரு' தெலுங்கில் மரியாதைக்குச் சேர்ப்பது. அதுவே அவர் பெயராக நிலைத்தது.

திருநெல்வேலிக்காரர். ராணுவத்துக்குக் கருவிகள் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். சோதித்து முடித்த கருவியின் திருகு மேல் சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு வைப்பாராம். யாராவது திருகைத் தொட்டால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஓய்வுக்குப் பிறகும் கை கேட்கவில்லை. தன் விளையாட்டு டப்பாவின் நாலு மூலையிலும் மனைவியின் நெயில் பாலீஷால் பொட்டு வைத்துத்தான் கொண்டுவருவார்.

"இது எதுக்கு சார்?"

"எவனும் தொறந்தா தெரிஞ்சிரும்லா."

"உங்க விளையாட்டைத் திருட யார் சார் வரப்போறாங்க?"

"நானும் அப்படி ஒருத்தன் வரமாட்டானான்னுதான் பாக்கேன்" என்றார்.

அவர் கொண்டுவந்த முதல் விளையாட்டின் பெயர் 'பெஞ்சு'. சாஃப்ட்வேர் கம்பெனியில் பிராஜெக்ட் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் காய்கள். மூன்று முறை தொடர்ந்து ஆறு விழுந்தால் பெஞ்சை விட்டு எழுந்திருக்கலாம். எங்கள் ஆபீஸில் நாலு பேர் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தார்கள். ஐந்து மணிவரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"யாருமே ஜெயிக்கலையே சார்?"

"எம் மவன் எட்டு மாசமா பெஞ்சுல இருக்கான். நெசத்துல யாரு சார் ஜெயிக்கா?"

எங்களிடம் ஒரு விதி உண்டு. சோதிக்கும்போது கண்டுபிடித்தவர் வாய் திறக்கக் கூடாது. கடையில் டப்பா வாங்குகிறவன் வீட்டுக்கு அவர் போய் விளக்கமுடியாதே! டைஸ்காருவுக்கு அதுதான் நரகம். கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொள்வார். யாராவது காயைத் தப்பாக நகர்த்தினால் அதற்குள்ளிருந்து, பிரசவ வார்டில் கேட்பதுபோல ஒரு சத்தம் வரும்.

அடுத்தது 'அமீர்பேட்'. ஹைதராபாத்தின் அந்தப் பேட்டையில் தெருவெல்லாம் நிறைந்திருக்கும் கம்ப்யூட்டர் கோச்சிங் சென்டர்கள் வழியாகக் காய் நகரவேண்டும். இரண்டு மணி நேரம் போராடிக் கடைசிக் கட்டத்தை அடைந்தால், அங்கே இப்படி எழுதியிருந்தது: "நீங்கள் படித்த கோர்ஸ் பழசாகிவிட்டது. முதல் கட்டத்துக்குப் போகவும்." அன்றிலிருந்து அவர் தலையைக் கண்டாலே கணக்குப் பிரிவு ஆசாமி, "நக்கோ சார், வோ கேம் நக்கோ!" என்று ஹைதராபாத் உருதுவில் 'வேண்டாம்' சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய்விடுவார்.

ஒருநாள் கேட்டேன், எதற்கு இந்தப் பாடு என்று.

"முப்பது வருசம் எத்தனையோ சாமான் எங் கைபட்டுப் போச்சு சார். எல்லாம் ராணுவ ரகசியம். ஒண்ணைக்கூட வீட்டுல காட்ட முடியல. எம் பொஞ்சாதியக் கூட்டிட்டு ஒரு கடைக்குப் போவணும். 'இந்தா பாரு, இது நான் செஞ்சது'ன்னு ஒரே ஒரு டப்பாவக் காட்டணும். அவ்வளவுதான்."

இனி எழுதப்போவதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் முதலாளி, இனிமேல் வெளியாட்களின் யோசனைகள் எதுவும் வேண்டாம், சீனாவிலிருந்து தயாராக வருவதை வாங்கிப் பெயர் ஒட்டினால் போதும் என்று முடிவெடுத்தார். நான் அதை டைஸ்காருவிடம் சொல்லவில்லை. அவர் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அவரை வரவிட்டேன். டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, திறக்காமலே, பொய்க் கடிதத்துடன் திருப்பி அனுப்பினேன்.

அப்படித்தான் 'தண்ணி டாங்கி' வந்தது. அதையும் திறக்கவில்லை. "நாலு முறை விளையாடிப் பார்த்தோம். முதல் இரண்டு சுற்றுகள் அருமை. மூன்றாவது சுற்று தொய்வாக இருக்கிறது" என்று எழுதி அனுப்பினேன். எதையாவது எழுதவேண்டுமே!

ஒரு மாதம் கழித்து அதே டப்பாவோடு வந்தார். நாலு மூலையிலும் புதுப் பொட்டு.

"மூணாவது சுத்தைச் சரிபண்ணிட்டேன் சார். நீங்க சொன்னது சரிதான்."

"நல்லது சார், பார்த்துட்டு எழுதறேன்" என்றேன். அலமாரியில் வைத்தேன். வைத்தது வைத்ததுதான். அதன் பிறகு அவர் வரவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஓய்வுபெற்ற அன்று என் சாமான்களோடு அதுவும் வீட்டுக்கு வந்தது. வேலையில்லாத ஒரு மத்தியானம் பொட்டுகளை உடைத்துத் திறந்தேன். ஓர் அபார்ட்மென்ட், நாலு வீடு, மொட்டை மாடியில் ஒரே டாங்கி. ஒவ்வொருவரும் எத்தனை குடம் எடுக்கிறோம் என்று ரகசியமாகச் சீட்டு வைக்கவேண்டும். மொத்தம் டாங்கியின் அளவைத் தாண்டினால் யாருக்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. முதல் சுற்று மழைக்காலம், இரண்டாவது கோடை. டைப் அடித்த விதித்தாளில் அதோடு விளையாட்டு முடிந்துவிட்டது.

மூன்றாவது சுற்று தனித்தாளில், கையெழுத்தில், பின்னால் ஒட்டியிருந்தது.

நான் தொய்வு என்று எழுதியபோது அப்படி ஒரு சுற்றே இல்லை. அதுமட்டுமா? டப்பா அவர் கைக்குத் திரும்பியபோது நாலு பொட்டும் உடையாமல் இருந்திருக்கும். முப்பது வருஷ இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்காமலா இருப்பார்? பார்த்துவிட்டு, உட்கார்ந்து மூன்றாவது சுற்றை எழுதியிருக்கிறார்.

அதன் விதி இது: "கையில் மிச்சமிருக்கும் குடங்களை, பக்கத்து வீட்டு வாசலில் சொல்லாமல் வைத்துவிட்டு வரலாம். யார் வாசலில் அதிகக் குடம் சேர்கிறதோ அவரே ஜெயித்தவர்." அவர் விளையாட்டில் முதல்முறையாக ஒருவர் ஜெயிக்கிறார்.

மறுநாளே டப்பாவை எடுத்துக்கொண்டு, என் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஏ.எஸ்.ராவ் நகருக்குப் போனேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். பெயரைச் சொன்னதும், "நீங்கதானா அந்த சார்! வாங்க, வாங்க" என்றார். "எல்லாரும் பாக்காம திருப்பி அனுப்புதாவ, அந்த சார் ஒருத்தருதான் நாலுதரம் வெளாண்டு பாத்து குறை சொன்னாருன்னு சாவுறவரை சொல்லிட்டே இருந்தாவ."

அந்த அம்மாளிடம் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, "இத எப்படி வெளாடணும்?" என்று கேட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் மூவரும் விளையாடுகிறோம். விளையாட்டுக்கு நாலு வீடு வேண்டும். நாலாவது வீட்டை அவருக்கு விட்டிருக்கிறோம். மூன்றாவது சுற்று வந்ததும், ஒருவருக்கொருவர் எதுவும் சொல்லிக்கொள்ளாமல், எங்கள் குடங்களையெல்லாம் அந்த வாசலிலேயே கொண்டுபோய் வைக்கிறோம்.

டைஸ்காரு இதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை.