பேரிமரத்தடி வெள்ளி

தலையைக் குனிந்தபடியே நடக்கிற ஓர் இனம் உண்டு. அடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். மண்ணுக்கடியில் யாரோ எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அது தனக்காகவே இத்தனை காலம் காத்துக் கிடக்கிறது என்று மனப்பூர்வமாக நம்புகிற இனம் அது. ஒரு காலத்தில் ஜெர்மனியாக இருந்த கீழ்ச் சிலேசியாவில், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோழிகளைவிட இவர்கள்தான் அதிகம். கோழிக்காவது கிளறினால் புழு கிடைக்கும்.

காரணம் எங்கள் வீடுகள்தான். எல்லாம் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மானியர்கள் விட்டுப் போனவை. அரை நாள் அவகாசம், ஆளுக்கொரு மூட்டை, கிளம்பு என்றால் கிளம்ப வேண்டியதுதான். "மூட்டைக்குள்ள வெள்ளிக் கரண்டி அத்தனையும் அடங்குமா? அப்ப எங்க போச்சு? மண்ணுலதான்" என்று தொட்டிலில் கிடக்கும்போதே எங்கள் காதில் ஓதிவிடுவார்கள். வெள்ளி கிடைக்காமலும் இல்லை. எப்போதும் அடுத்த ஊரில்தான் கிடைக்கும். கிடைத்தவன் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. மறுநாளே விற்றுக் காசாக்கிக் கனடாவுக்குப் போயிருப்பான். யாரைப் போய்க் கேட்பீர்கள்?

இந்த இனத்தின் சுத்தமான மாதிரி, தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஸெனோன். உடன் வேலை பார்த்தவர்கள் சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். அவரோ தனக்குத் தானே ஒரு மெட்டல் டிடெக்டர் பரிசளித்துக்கொண்டார். புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் என்ன செய்வார்? "நான் காசுக்காகப் பண்ணல, வரலாற்றுக்காக" என்று சொல்லப் பழகுவார். அடுத்து, காட்டில் பதுங்கும் சிப்பாய்கள் போடுகிற பச்சைப் புள்ளிச் சட்டை வாங்குவார், சொந்த முற்றத்தில் சொந்தக் கோழிகளின் கண்ணில் படாமல் இருக்க. காதுக்கு ஹெட்போன், இடுப்பில் துப்பாக்கி மாதிரி ஒரு சின்ன மண்வெட்டி. பழைய வீட்டு முற்றம் என்றால் ஆணிக் காடாக இருக்கும், கருவியின் உணர்திறனைக் குறைத்து வையுங்கள் என்று கூட வந்த புத்தகம் சொல்லும். இவர் முழுசாகத் திருகிவிடுவார். புதையல் சின்னதாக இருந்தால், பாவம், அதன் குரல் கேட்க வேண்டாமா?

அப்புறமென்ன, வாசற்படியிலிருந்து பன்றிக் கொட்டில் வரை கருவி மூச்சு விடாமல் அலறியது. அலறிய இடத்தையெல்லாம் ஸெனோன் தோண்டினார். தோண்டிய இடத்திலெல்லாம் ஆணி, அரை லாடம், பீர் மூடி, வாளிப் பிடி, சாக்லேட் சுற்றிய காகிதம், மறுபடி ஆணி. ஒவ்வொன்றையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பஞ்சில் படுக்க வைத்து ஜன்னல் திட்டில் வரிசையாக அடுக்கினார். அங்கே இருந்த ஜெரேனியம் பூத்தொட்டிகள் குளியலறைக்குக் குடிபெயர்ந்தன. அது யாருடைய பிரஷ் என்று அவர் மனைவி ஔரேலியா பிற்பாடுதான் கண்டுபிடித்தாள்.

பக்கத்து வீட்டுக் காசிமிர் வேலி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்பார்:

"என்னய்யா, இன்னைக்கு எந்த நூற்றாண்டு?"

"பதினேழு. இந்தப் பட்டனப் பாரு."

"அது என் கால்சட்டைப் பட்டன்யா. உங்க வீட்டுல பன்னி அறுத்தப்போ தெறிச்சது."

"உன் கால்சட்டையே பதினேழாம் நூற்றாண்டுதான்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் மகள் யாக்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் ஊரில் எல்லாக் கல்யாண விருந்தும் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில்தான் நடக்கும். மணப்பெண்ணின் முக்காட்டில் ரப்பர்க் குழாய் வாடை ஏறாமல் யாரும் புருஷன் வீட்டுக்குப் போனதில்லை. யாக்னா மட்டும் பிடிவாதமாக நின்றாள். நடனமும் விருந்தும் சொந்த முற்றத்தில், பேரிமரத்தடியில்தான். கூடாரம் போடுகிறவர்கள் வந்து முற்றத்தைப் பார்த்தார்கள்.

"இங்க குண்டு கிண்டு விழுந்துச்சா?" என்றான் ஒருவன். "தரை சமமா இருந்தா கூடாரம் போடுறோம். இல்லன்னா தீயணைப்புக் கூடந்தான்."

யாக்னா அப்பாவிடம் வந்தாள். "அப்பா, நான் சின்னதுலேருந்து உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. மேடு பள்ளமில்லாத ஒரு தரை. அவ்வளவுதான்."

ஸெனோனும் தகப்பன்தானே. குழிகளை மூடினார், உருளை உருட்டினார், புல் விதைத்தார், கருவியைப் பரணில் ஏற்றினார். குடியை விட்டவரைப் போல முகம் தெளிந்து, பார்க்கிறவர்களுக்கே பாவமாக இருந்தது. கூடாரமும் வந்து நின்றது.

கல்யாணம் சனிக்கிழமை. வியாழனன்று வாசலில் ஒரு ஜெர்மன் கார் வந்து நின்றது. ஹன்னெலோரே என்ற கிழவியும், எங்கள் மொழி பேசத் தெரிந்த அவள் பேத்தியும். கிழவி அந்த வீட்டில் பிறந்தவளாம். எங்களுக்கு இது பழக்கம். வருவார்கள், அடுப்பைப் பார்த்து அழுவார்கள், நாம் கசகசா கேக் கொடுப்போம், கேக்கைப் பார்த்தும் அழுவார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஔரேலியா கேக்கை வெட்டினாள். ஸெனோன் கண்ணீரைப் பார்க்கவில்லை. கண் எங்கே போகிறது என்று பார்த்தார். பழைய வீட்டுக்காரர் வாய் திறக்க மாட்டார், கண் காட்டிக் கொடுத்துவிடும் என்பது இந்த இனத்தின் வேதவாக்கு.

கிழவியின் கண் கிணற்றைத் தொட்டது, களஞ்சியத்தைத் தொட்டது, பேரிமரத்தடிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"பாட்டியம்மா, இன்னும் கொஞ்சம் டீ?" என்றார் ஸெனோன், தேன் ஒழுக.

குடித்தாள். மறுபடி மரத்தடியைப் பார்த்தாள். இன்னொரு கோப்பை ஊற்றினார். ஊற்ற ஊற்ற அதிகமாகப் பார்த்தாள். முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன, கைக்குட்டை கசங்கியது, நெற்றி வியர்த்தது. உணர்ச்சி மிகுதி என்று முடிவு கட்டினார் ஸெனோன். கிழவி பேத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள். "சனிக்கிழமை கல்யாணத்துக்குக் கண்டிப்பா வாங்க" என்று யாக்னா சொன்னதற்குக்கூட ஓடிக்கொண்டேதான் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தாயும் மகளும் தேவாலயத்துக்குப் பூ கட்டப் போனார்கள். ஸெனோன் பரணில் ஏறினார். தோண்ட அல்ல, சும்மா கேட்டுப் பார்க்க. குடிகாரன் மூடியைத் திறந்து சும்மா மோந்து பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. வேருக்குப் பயந்து அதுவரை தொடாமல் விட்டிருந்த மரத்தடியில் கருவி அன்றுவரை எழுப்பாத குரலை எழுப்பியது. ஆணியின் கீச்சுக்குரல் அல்ல; தட்டு அகலத்துக்கு, நிதானமாக, கனமாக. இதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் சூப் குடிக்க மனுஷனால் முடியுமா?

ஒரு சாண் தோண்டினார். வளையம் வைத்த சதுரமான இரும்பு மூடி. தனியாகத் தூக்க முடியவில்லை.

"காசிமிர், கடப்பாரையோட வா. உனக்குக் கால் பங்கு."

"பாதி."

"மூணுல ஒண்ணு."

"தூக்குய்யா."

தூக்கினார்கள்.

அந்த வீட்டுக் கழிவறையிலிருந்து ஒரு குழாய் வெளியே போகிறது. அது எங்கே போகிறது என்று ஸெனோனின் தகப்பனார் கேட்டதில்லை, ஸெனோனும் கேட்டதில்லை. பேரிமரத்துக்கு மட்டும் தெரியும். ஊரிலேயே பெரிய பழம் அந்த மரத்தில்தான் காய்க்கும். ஔரேலியாவின் பேரிக்காய் ஜாமுக்கு நாங்கள் வரிசையில் நின்றிருக்கிறோம். அதை இப்போது நினைக்காமல் மேலே போவோம். மூடி காசிமிரின் கையிலிருந்து நழுவிக் குழிக்குள்ளேயே விழுந்து மறைந்தது. இனி மூடவும் வழியில்லை. நாற்றம் முதலில் கூடாரத்தைப் பிடித்தது, பிறகு தெருவைப் பிடித்தது. தேவாலயத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஔரேலியா வந்து பார்த்தாள். "கெடச்சுதா?" என்றாள்.

யாக்னா அழவில்லை. கையில் மீந்த பூவோடே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். "அண்ணே, கூடமும் வேணும். பம்பும் வேணும்."

கல்யாணம் நடந்தது, ரப்பர் வாடையில். ஒப்பிட்டுப் பார்த்தால் அது அத்தர். ஹன்னெலோரே கிழவியும் வந்திருந்தாள். ஸெனோனால் பொறுக்க முடியவில்லை. பேத்தியைப் பிடித்தார்.

"அன்னைக்கு அந்த மரத்தடியவே பாத்தாங்களே, அங்க என்ன இருந்துச்சுன்னு கேளும்மா."

கிழவி முகம் சிவந்து காதில் ஏதோ சொன்னாள். பேத்தி மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அங்கதான் இவங்க வீட்டு கக்கூஸ் இருந்துச்சாம். நீங்க பாட்டுக்கு டீயா ஊத்திட்டே இருந்தீங்க. கேக்க வெக்கம். மரத்துக்குப் பின்னால ஒதுங்கலாமான்னு பாத்துட்டே இருந்தாங்களாம்."

கூடம் முழுக்கச் சிரித்து உருண்டு புரண்டது. முந்தின நாளிலிருந்து அப்பாவோடு பேசாமல் இருந்த யாக்னாவும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். வந்து கையை நீட்டினாள். "வாங்கப்பா, ஆடலாம். ஆனா தரையப் பாக்கக் கூடாது."

பாதிப் பாட்டு வரைக்கும் ஸெனோன் தலை நிமிர்ந்தே ஆடினார். அப்புறம் மகளின் காதருகே குனிந்தார். "யாக்னா, கக்கூஸ்னு சொல்லிட்டா எவனும் தோண்ட மாட்டான்னு அந்தக் கிழவிக்குத் தெரியாதா?"

யாக்னா குதிகாலால் அவர் கால்விரலை மிதித்தாள். தவறுதலாக அல்ல.

சிரித்துக்கொள்ளுங்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். தீயணைப்புக்காரர்கள் பம்பு வைத்து அந்தக் குழியை உறிஞ்சினார்களே, அடியில் என்ன இருந்தது என்று நான் இன்னும் சொல்லவில்லையே என்று உங்களுக்கு இலேசாக உறுத்தியதா? உறுத்தியதென்றால், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இப்போதே ஒரு மண்டபம் பிடித்துவிடுங்கள்.